கணக்குக்குத் தனி ஸ்டால்

சாரதாமணி டீச்சருக்கு ஜூன் மாதம் என்றாலே எரிச்சல். ஏப்ரலில் இருபது வரைக்கும் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்த பிள்ளைகள், கோடை விடுமுறை முடிந்து இரண்டாம் வகுப்பில் வந்து உட்காரும்போது, ஏழும் ஐந்தும் எத்தனை என்று கேட்டால் கூரை ஓட்டைப் பார்ப்பார்கள். வருஷா வருஷம் இதே கதை. ஜூன், ஜூலை இரண்டு மாதமும் பழைய பாடத்தைத் திரும்ப நடத்தியே போய்விடும். புதுப் பாடத்தைத் தொடுவதற்குள் காலாண்டுப் பரீட்சை வந்து நிற்கும்.

மங்கலத்துக்கு மேற்கே மூன்று மைலில் நொச்சிப்புதூர். அங்கே பஞ்சாயத்து யூனியன் ஆரம்பப் பள்ளி. ஐந்து வகுப்பு, மூன்று வாத்தியார், இரண்டு அறை, ஒரு தாழ்வாரம். சாரதாமணி மங்கலத்தில் தறி வைத்திருந்த குடும்பத்துப் பெண். கோயம்புத்தூரில் தங்கி ஆசிரியர் பயிற்சி முடித்தவள். கணவர் குமாரவேல் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். தினமும் மங்கலத்து வீட்டிலிருந்து சைக்கிளில் போய் வருவார். மூன்று வயது மகளை மாமியார் பார்த்துக்கொண்டாள். 1963இல் சாரதாமணிக்கு இருபத்தேழு வயது. வேலைக்கு வந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அந்த ஐந்து வருஷத்தில் ஐந்து ஜூன் மாதங்களைப் பார்த்துவிட்டிருந்தாள்.

அந்த வருஷம் ஆனிக் கடைசியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வழக்கம்போல வந்து பள்ளியின் ஓட்டைக் கிளப்பியது. இடைவேளையில் பிள்ளைகள் பனையோலையைக் கிழித்துக் காற்றாடி செய்தார்கள். ஒரு காற்றாடிக்கு இரண்டு ஓலைத் துண்டு, நடுவில் குத்த ஒரு கருவேல முள், பிடித்துக்கொண்டு ஓட ஒரு குச்சி. காலையில் நான்கும் இரண்டும் எத்தனை என்று கேட்டதற்கு உதட்டைக் கடித்துக்கொண்டு நின்ற சின்னாத்தாள், இப்போது ஐந்து பேருக்கு நடுவில் உட்கார்ந்து அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஆறு பேத்துக்குப் பன்னண்டு ஓலை வேணும். நீ ஒம்பதுதான் கொண்டாந்திருக்கற. இன்னும் மூணு கொண்டா போ."

சாரதாமணி தாழ்வாரத்தில் நின்று இதைக் கேட்டாள். முதலில் அவளுக்கு வந்தது கோபம்தான். இத்தனை நாளாகத் தன்னை ஏமாற்றிக்கொண்டிருந்தாளா இந்தப் பெண் என்று தோன்றியது. மணி அடித்து உள்ளே வந்ததும் சின்னாத்தாளை எழுப்பி, "ஆறு ரெண்டு எத்தனை?" என்றாள். சின்னாத்தாள் கூரையைப் பார்த்தாள்.

மறுநாள் சாரதாமணி கணக்குப் பாடவேளையில் ஒரு கட்டு ஓலையைக் கொண்டுவந்து வகுப்பின் நடுவில் போட்டாள். நாலு பேராகப் பிரிந்து உட்காருங்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு காற்றாடி, எத்தனை ஓலை வேண்டும், எத்தனை முள் வேண்டும் என்று நீங்களே சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள். முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சத்தம் பக்கத்து அறைக்குப் போனது. அந்த அறையில் தலைமையாசிரியர் ஞானசம்பந்தம் நான்கு, ஐந்து இரண்டு வகுப்புக்கும் சேர்த்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

ஞானசம்பந்தம் கெட்ட மனிதர் அல்ல. பென்ஷனுக்கு நான்கு வருஷம் இருந்தது. அந்த நான்கு வருஷத்தையும் ஒரு ரிமார்க்கும் வாங்காமல் கடந்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய கவலை. மாலையில் அவளைக் கூப்பிட்டார்.

"அம்மணி, கால அட்டவணைல செவ்வாய்க்கெழமை ரெண்டாம் பீரியடு கணக்குன்னு இருக்குது. நீங்க ஓலை மொடையறீங்க. இன்ஸ்பெக்டர் வந்தா நான் என்னன்னு சொல்றது?"

"கணக்குன்னே சொல்லுங்க சார். புள்ளைங்க ரெண்டாம் வாய்ப்பாடு போட்டுட்டுத்தானுங்க இருந்தாங்க."

"கைத்தொழிலுக்கு வெள்ளிக்கெழமை தனியா பீரியடு இருக்குதுங்களே."

"வெள்ளிக்கெழமையும் கணக்குத்தான் சார் போடுவாங்க."

"அப்பக் கைத்தொழில் எப்ப?"

அவளிடம் பதில் இருந்தது. ஆனால் அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பாடக்குறிப்பு நோட்டின் கட்டத்தைக் காட்டினார். அந்தக் கட்டம் ஒரு வார்த்தை எழுதும் அளவுக்குத்தான் இருந்தது. "நீங்க பண்றது தப்புன்னு நான் சொல்லலீங்க. இதுக்குள்ள என்ன எழுதறதுன்னுதான் கேக்கறன்." அவள் "கணக்கு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள்.

இரண்டு நாள் கழித்துச் சின்னாத்தாளின் தாய் பெரியாத்தாள் காட்டு வேலையைப் பாதியில் விட்டு நேராகப் பள்ளிக்கு வந்தாள். மகளின் விரலை ஓலை அறுத்திருந்தது. மஞ்சள் வைத்துத் துணி சுற்றிய விரலைத் தூக்கிக் காட்டினாள்.

"ஏனுங்க டீச்சர், ஓலை கிழிக்கற வேலை எங்க காட்டுலயே இருக்குதுங்க. அதுக்குப் பள்ளிக்கோடம் எதுக்குங்க?"

"ஓலை கிழிக்கறதுக்கு இல்லீங்க. அதை வெச்சுக் கணக்குச் சொல்லித் தர்றனுங்க."

"கணக்குன்னா சிலேட்டுல போடோணும்ங்க. நாங்க படிக்கலைன்னாலும் அது தெரியும்ங்க." பெரியாத்தாள் மரியாதையாகத்தான் பேசினாள். போகும்போது கும்பிட்டுவிட்டும் போனாள். அதுதான் சாரதாமணிக்கு இன்னும் ஆற்றாமையாக இருந்தது. சண்டை போட்டிருந்தால் பதிலுக்குப் பேசியிருக்கலாம்.

அவள் விடவில்லை. ஆடி முழுக்கக் காற்றாடி. ஆவணியில் சோளத்தட்டைச் சுள்ளிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, பத்து, நூறு. குமாரவேல் கம்பெனியில் கழித்துப் போடும் பனியன் துண்டுகளை ஒரு பையில் கொண்டுவந்து கொடுத்தார். வெள்ளைத் துண்டுகளைச் சுருட்டி முடிச்சுப் போட்டுப் பந்து, பந்துகளை வைத்துக் கழித்தல். பிள்ளைகள் பள்ளிக்கு நேரத்தில் வந்தார்கள். கூட்டல் கேட்டால் கத்தினார்கள். சாரதாமணிக்கு நம்பிக்கை வந்துவிட்டது. புரட்டாசியில் காலாண்டுப் பரீட்சை வந்தபோது, இந்தத் தடவை ஞானசம்பந்தம் சாரே வந்து கேள்வி எழுதிப் போடட்டும் என்று வலியப் போய்ச் சொன்னாள்.

அவர் கரும்பலகையில் பத்துக் கணக்கு எழுதினார். சாதாரணக் கணக்குகள்தான். முப்பத்தெட்டுப் பேரில் ஒன்பது பேர் தேறினார்கள். முந்தின வருஷம் பதினாலு பேர்.

ஞானசம்பந்தம் மார்க் பட்டியலை அவளிடம் கொடுத்துவிட்டுத் தன் வகுப்புக்குப் போய்விட்டார். அன்று அவள் மங்கலம் வரைக்கும் நடந்தே போனாள். குமாரவேல் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டும்போது அவள் அடுப்பில் எதுவும் வைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னாச்சு?"

"இத்தன நாளா நான் வெளையாட்டுத்தான் காட்டியிருக்கறனுங்க. கணக்குச் சொல்லித் தரலை."

குமாரவேல் சமாதானம் சொல்லத் தெரியாதவர். "எங்க கம்பெனிக்குப் புதுசா வர்ற ஆளு, துணிய மேசைல விரிச்சுக் குடுத்தா வெட்டிப்போடுவான். அளவை நோட்டுல எழுதிக் குடுத்தா முழிப்பான். துணிமேல சாக்பீஸ்ல கோடு போட்டுக் காட்டோணும். அப்பறம் அதே கோட்டை நோட்டுல போட்டுக் காட்டோணும். நடுவுல அது ஒண்ணு இல்லீன்னா ஏறாது." சொல்லிவிட்டு அவரே போய்ச் சோற்றுக்கு உலை வைத்தார்.

மறுநாள் அவள் சின்னாத்தாளைத் தனியாகக் கூப்பிட்டு, சிலேட்டில் 7 x 2 என்று எழுதிக் காட்டினாள். சின்னாத்தாள் அதை வெகுநேரம் பார்த்தாள்.

"இது என்னத்துக்குங்க டீச்சர், காத்தாடிக்குங்களா?"

"ஆமான்னு வெச்சுக்கோ."

"அப்பப் பதினாலுங்க." உடனே வந்தது பதில். பிறகு சந்தேகமாக, "காத்தாடிக்குன்னு எழுதவே இல்லீங்களே" என்றாள்.

ஓலை ஒரு பக்கம், எண் ஒரு பக்கம். இரண்டையும் முடிச்சுப் போட வேண்டிய இடத்தில் சாரதாமணி ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தாள். தன்மீதே எரிச்சல் வந்தது.

ஐப்பசியில் மழை பெய்து குட்டையில் தண்ணீர் நின்றது. கார்த்திகைக்குப் பிள்ளைகள் களிமண் பிசைந்து அகல் விளக்குச் செய்தார்கள். கோணல் மாணலான விளக்குகள். பாதி காய்வதற்குள்ளேயே வெடித்தன. இந்த முறை அவள் அவசரப்படவில்லை. மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு விளக்கு என்று தரையில் அடுக்கச் சொன்னாள். அதையே சிலேட்டில் வட்டம் வட்டமாக வரையச் சொன்னாள். வட்டத்துக்குக் கீழே எண்ணை எழுத வைத்தாள். பிறகு தரையில் இருந்த விளக்குகளில் சிலவற்றைப் பனியன் துணி போட்டு மூடிவிட்டு, வெளியே தெரிவதை மட்டும் பார்த்து, மூடியிருப்பது எத்தனை என்று எழுதச் சொன்னாள். எழுதிய பிறகுதான் துணியை எடுப்பாள். பிள்ளைகள் இதற்கு மூடாக்குக் கணக்கு என்று பேர் வைத்துக்கொண்டார்கள். துணியை எடுக்கும் நேரத்தில் முப்பத்தெட்டுப் பேரும் மூச்சு விடாமல் இருப்பார்கள்.

ஒவ்வொரு நாளும் மெதுவாகத்தான் நகர்ந்தது. சில பிள்ளைகள் வட்டத்தோடு நின்றுவிட்டன. சில பிள்ளைகள் வட்டம் இல்லாமலே எழுதத் தொடங்கின. சின்னாத்தாள் வட்டத்தை விடவே மாட்டேன் என்று மூன்று வாரம் பிடிவாதம் பிடித்தாள். அரையாண்டுப் பரீட்சையில் இருபத்தேழு பேர் தேறினார்கள். சின்னாத்தாள் அதில் ஒருத்தி. சிலேட்டு ஓரம் முழுக்கப் பொடி வட்டங்கள். ஞானசம்பந்தம் பட்டியலை இரண்டு முறை பார்த்துவிட்டு, "பரவாயில்லீங்க அம்மணி" என்றார். அந்தப் பள்ளியில் அவள் கேட்ட முதல் நல்ல வார்த்தை அது.

பொங்கல் முடிந்த வாரம் ஆண்டு ஆய்வுக்கு டெபுட்டி இன்ஸ்பெக்டர் வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். வெள்ளை பேன்ட், கையில் தோல் பை. பிள்ளைகள் பொங்கலுக்கு முந்தின நாள் வாசலில் காப்புக் கட்டுவதற்காகச் செய்து பழகியிருந்த பூங்கொத்துகள் ஜன்னலில் தொங்கின: ஒவ்வொன்றிலும் வேப்பிலை மூன்று கிளை, ஆவாரம்பூ இரண்டு, பூளைப்பூ ஐந்து. பத்துப் பத்து என்று பத்துக் கொத்து. நூறு வரைக்கும் எண்ணுவதற்காக அப்படிக் கட்டியது. சுவர் ஓரமாக விளக்குகளும் இருந்தன.

இன்ஸ்பெக்டர் ஒரு கொத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். "ரொம்ப நன்னா இருக்கே. குழந்தைகளே கட்டினதா?"

"ஆமாங்க ஐயா. கணக்குக் கேட்டுப் பாருங்க. நூறுக்குள்ள எதை வேணும்னாலும் கேளுங்க."

"கேக்கறேன், கேக்கறேன்." அவர் விளக்குகள் பக்கம் போனார். இதற்கு வர்ணம் அடிக்கலாமே என்றார். பனியன் துணியில் பொம்மை செய்யலாமே என்றார். சாரதாமணி சின்னாத்தாளை எழுப்பி நிறுத்தி வைத்திருந்தாள். அந்தப் பெண் சிலேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பஞ்சாயத்துத் தலைவர் வீட்டில் சாப்பாடு தயாராக இருந்தது. ஒரு கணக்கும் கேட்காமல் அவர் கிளம்பிப் போனார். பார்வையாளர் பதிவேட்டில், "இப்பள்ளியில் கைத்தொழில் மிகச் சிறப்பாக நடைபெறுகிறது" என்று எழுதியிருந்தார். ஞானசம்பந்தம் அந்தப் பக்கத்தை அன்றைக்கு நாலைந்து முறை திறந்து பார்த்தார்.

ஒரு மாதம் கழித்து யூனியன் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. பங்குனியில் கல்விக் கண்காட்சி. நொச்சிப்புதூர்ப் பள்ளி நூறு வர்ண விளக்கு, ஐம்பது ஓலைக் காற்றாடி, இருபத்தைந்து துணிப் பொம்மை கொண்டுவர வேண்டும்.

"இது முடியாதுங்க சார்" என்றாள் சாரதாமணி. "பரீட்சைக்கு ஒரு மாசந்தான் இருக்குது. நான் இப்பத்தான் கடன் வாங்கிக் கழிக்கறதுக்கு வந்திருக்கறன்."

"அம்மணி, இந்தப் பள்ளிக்கோடத்துக்கு இருபது வருஷத்துல ஒரு பேரு வந்ததில்லீங்க." ஞானசம்பந்தத்தின் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அவளால் எதிர்க்க முடியவில்லை.

அடுத்த மூன்று வாரம் கணக்கு நடக்கவில்லை. கோணல் விளக்கு கண்காட்சிக்கு ஆகாது என்று மங்கலத்தில் குயவரிடமே நூறு விளக்கு வாங்கி வந்தார்கள். நன்றாக வர்ணம் அடிக்கத் தெரிந்த பன்னிரண்டு பிள்ளைகளை நான்கு, ஐந்து வகுப்புகளிலிருந்து கூட்டிவந்து உட்கார வைத்தார் ஞானசம்பந்தம். இரண்டாம் வகுப்பு வெளியே வேப்பமரத்தடியில் போய் வாய்ப்பாடு கத்தியது. துணிப் பொம்மைகளைப் பெரும்பாலும் சாரதாமணியே தைத்தாள். தைக்கத் தைக்க எரிச்சல்தான் வந்தது. கடைசியில் ஒரு காரியம் செய்தாள். நான்கு சிலேட்டுகளில், சின்னாத்தாளையும் இன்னும் மூன்று பேரையும் உட்கார வைத்து, வட்டமும் எண்ணுமாகக் கணக்குகளை எழுத வைத்தாள். விளக்குக்குப் பக்கத்தில் சிலேட்டை வைத்தால் பார்ப்பவர்களுக்குப் புரியும் என்று நினைத்தாள்.

கண்காட்சி அன்று கொட்டகையில் மேசை மேல் எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு அவள் தண்ணீர் குடிக்கப் போனாள். திரும்பி வரும்போது சிலேட்டுகள் நான்கும் மேசைக்கு அடியில் கிடந்தன. யாரோ எடுத்து வைத்திருந்தார்கள். அந்த இடத்தில் ஒரு காகித ரோஜா ஜாடி இருந்தது. அவள் குனிந்து சிலேட்டுகளை எடுத்து மறுபடி மேலே வைத்தாள். இன்ஸ்பெக்டர் நாலு பேரோடு வந்தார்.

"அம்மா, சிலேட்டு எதுக்கு இங்கே? அழகு கெடறதே."

"ஐயா, இது கைவேலை இல்லீங்க. கணக்குங்க. புள்ளைங்க வெளக்கு செஞ்சது எண்ணறதுக்குத்தானுங்க. அதைச் சிலேட்டுல—"

"கணக்குக்குத் தனி ஸ்டால் இருக்கு, அந்தக் கோடியில்" என்றார் அவர் அன்பாக. கூட வந்தவர்கள் சிரித்தார்கள். கேலி இல்லை, நல்ல மனநிலையில் இருந்தார்கள், அவ்வளவுதான்.

அவள் அந்தக் கோடிக்குப் போய்ப் பார்த்தாள். கணக்கு ஸ்டாலில் ஒரு பெரிய அட்டையில் பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் அழகான எழுத்தில் எழுதி மாட்டியிருந்தது. வேறு ஒன்றும் இல்லை. அங்கே யாரும் நிற்கவும் இல்லை.

மாலையில் நொச்சிப்புதூர்ப் பள்ளிக்கு முதல் பரிசு கொடுத்தார்கள். சாரதாமணிக்குக் கைவினைக்கான சான்றிதழ். ஞானசம்பந்தம் மேடையில் கண் கலங்கினார். அவள் சான்றிதழைச் சுருட்டிச் சிலேட்டுகளோடு சேர்த்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

முழு ஆண்டுப் பரீட்சையில் பத்தொன்பது பேர்தான் தேறினார்கள். சின்னாத்தாள் தேறவில்லை. கேட்ட கணக்குகளில் பாதி கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு. அதைச் சொல்லித் தரவேண்டிய மூன்று வாரத்தில்தான் சாரதாமணி பொம்மை தைத்துக்கொண்டிருந்தாள்.

ஜூனில் பள்ளி திறந்தபோது சின்னாத்தாள் வரவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டுச் சாரதாமணி அவர்கள் தோட்டத்துக்குப் போனாள். பெரியாத்தாள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"தோத்த புள்ளையத் திரும்பி அதே வகுப்புல எப்பிடீங்க உக்கார வெக்கறது? அவங்கப்பன் வேண்டாம்ன்னு சொல்லிப்போட்டாருங்க. மங்கலத்துல தறி ஊட்டுல நூலுத் தார் சுத்தப் போறா."

"அவ தோத்ததுக்கு நானுங்க காரணம். அவமேல தப்பில்லைங்க. இன்னொரு வருஷம் மட்டும் அனுப்புங்க. நான் பாத்துக்கறனுங்க."

பெரியாத்தாள் சங்கடத்தோடு தரையைப் பார்த்தாள். "நீங்க நல்லவங்கதானுங்க டீச்சர். பரிசெல்லாம் வாங்கியிருக்கறீங்களாமா. எம்புள்ளைக்குத்தானுங்க மண்டைல ஏறலை."

ஏறியிருந்தது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லி என்ன, காட்டுவதற்கு மார்க் இல்லை. இன்னும் இரண்டு முறை போனாள். மூன்றாம் முறை தகப்பன் பழனிமுத்துவே வந்து, மூன்றாம் வகுப்பில் உட்கார வைப்பதாக இருந்தால் அனுப்புகிறேன் என்றார். ஞானசம்பந்தத்திடம் கெஞ்சிப் பார்த்தாள். "பட்டியல் யூனியன் ஆபீசுக்குப் போயிருச்சு அம்மணி. இனி நான் எப்பிடி மாத்தறது?" என்றார் அவர். உண்மையில் அவரால் முடியாதுதான். சின்னாத்தாள் பள்ளிக்குத் திரும்பவில்லை.

அடுத்த தை மாதம் கண்காட்சிக் கடிதம் மறுபடி வந்தது. இந்தத் தடவை இருநூறு விளக்கு. சாரதாமணி ஒரு முழுத் தாளை எடுத்து எழுதினாள்: "இரண்டாம் வகுப்பு மாணவர் கணக்குப் பாடம் கெடுவதால், கண்காட்சிக்குப் பொருள்கள் செய்து தர என்னால் இயலாது. சென்ற ஆண்டு இதனால் தேர்ச்சி குறைந்தது. ஒரு மாணவி பள்ளியை விட்டே நின்றுவிட்டாள்." ஞானசம்பந்தம் படித்துவிட்டுத் தாளைத் திருப்பி நீட்டினார்.

"கடைசி வரிய மட்டும் எடுத்துருங்க. இல்லாட்டி மெமோ வரும்ங்க."

"அந்த வரிக்குத்தான் சார் மீதி எல்லாம் எழுதுனேன்."

மெமோ வந்தது. விளக்கம் எழுதிக் கொடுத்தாள். விளக்கம் திருப்தியாக இல்லை என்று இன்னொரு காகிதம் வந்தது. ஜூனில் குன்னத்தூருக்கு அப்பால் ஈராசிரியர் பள்ளி ஒன்றுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. காலை ஆறு மணிக்குக் கிளம்பித் திருப்பூரில் பஸ் மாறி, குன்னத்தூரில் இறங்கி ஒன்றரை மைல் நடக்க வேண்டும். திரும்பி வீட்டுக்கு வரும்போது விளக்கு வைத்திருப்பார்கள். அவளுடைய ஐந்து வயது மகள் பல நாள் மாமியார் மடியிலேயே தூங்கிப் போயிருப்பாள்.

வேலையை விட்டுவிடு என்று குமாரவேல் ஒருமுறை சொன்னார். அவள் சாப்பிட்டு முடித்து, காலை பஸ்ஸுக்குச் சேலையை எடுத்து வைத்தாள். மறுநாள் அவரே அவளைச் சைக்கிளில் பஸ் நிறுத்தம் வரைக்கும் கொண்டுபோய் விட்டார். அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

புது ஊர் முழுக்க விவசாயம். நிலக்கடலை பறிக்கும் மாதத்தில் வகுப்பில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். திரும்பி வரும்போது எல்லாம் மறந்திருக்கும். முதல் வருஷம் அவள் பாதி நாளும் எரிச்சலோடுதான் வகுப்பில் நின்றாள். கூட வேலை பார்த்த வாத்தியார் மணியன் நல்ல மாதிரி; அவள் என்ன செய்தாலும் தடுக்கமாட்டார், என்ன செய்கிறாள் என்றும் கேட்கமாட்டார். மெல்ல மெல்லக் கடலைத் தொலியில் மாலை கோத்து எண்ணுவதும், புளி உடைக்கும் மாதத்தில் கொட்டையை வைத்துப் பங்கு போடுவதும் தொடங்கின. ஒவ்வொன்றுக்கும் பிறகு சிலேட்டு. சிலேட்டு இல்லாமல் ஒரு நாளும் முடிக்கவில்லை. எதையும் ஜன்னலில் தொங்கவிடவும் இல்லை. வேலை முடிந்ததும் பிள்ளைகளையே பிரித்துப் போட்டுவிடச் சொல்லிவிடுவாள். மாலையைக் கேட்டு அழுத பிள்ளைகள் உண்டு. அப்போதும் கொடுக்கவில்லை. அந்த விஷயத்தில் அவள் கொஞ்சம் கடுமையாகத்தான் இருந்தாள்.

1968 ஏப்ரலில் இரண்டாம் வகுப்பில் இருபத்திரண்டு பேரில் பத்தொன்பது பேர் கணக்கில் தேறினார்கள். பட்டியலை அனுப்பி வைத்தாள். ஜூன் மூன்றாம் வாரம் யூனியன் ஆபீசிலிருந்து பதில் வந்தது. இத்தகைய பள்ளியில் இவ்வளவு தேர்ச்சி வழக்கத்துக்கு மாறாக இருப்பதால், மார்க் சரியாக இடப்பட்டதா என்று நேரில் ஆய்வு செய்யப்படும்.

சாரதாமணி அதை மணியனிடம் காட்டினாள். அவர் படித்துவிட்டு, "அதிகமாப் போட்டுட்டீங்களா?" என்றார். அவள் கடிதத்தை மடித்து மேசை டிராயரில் போட்டு ஓங்கி மூடினாள்.

ஒரு வியாழக்கிழமை இளம் அதிகாரி ஒருவர் உறையில் போட்ட கேள்வித்தாளோடு வந்தார். விடுமுறை முடிந்து வந்திருந்த அதே இருபத்திரண்டு பேரைத் தள்ளித் தள்ளி உட்கார வைத்தார். அவளை வெளியே நிற்கச் சொன்னார். ஜூன் மாதம். சாரதாமணி வேலியோரம் நின்றுகொண்டு முந்தானையைக் கையில் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று.

அதிகாரி சிலேட்டுகளை அடுக்கி வைத்துத் திருத்தினார். ஒருமுறை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். இருபது பேர் தேறியிருந்தார்கள். ஏப்ரலில் தேறாத ஒரு பையனும் அதில் இருந்தான்.

இப்போதாவது கேட்பார் என்று அவள் நினைத்தாள். எப்படி என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், சொல்வதற்கு ஐந்து வருஷத்துக் கதை இருந்தது. அவர் பதிவேட்டை வாங்கி ஒரே ஒரு வார்த்தை எழுதினார்: "சரிபார்க்கப்பட்டது." கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதினார்.

"குன்னத்தூர்ல இருந்து திருப்பூர் பஸ் எத்தனை மணிக்கும்மா?"

"பன்னண்டரைக்குங்க" என்றாள்.

அவர் போன பிறகு அவள் வகுப்புக்குள் வந்தாள். முன் வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து நின்றாள்.

"டீச்சர், நாங்க ஏனுங்க மறுக்காப் பரீட்சை எழுதுனோம்? தப்பாப் போட்டுட்டோமுங்களா?"

சாரதாமணி அவள் அருகே போனாள். "இல்லை கண்ணு. சரியாப் போட்டுட்டீங்க. அதனாலதான்."

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. டீச்சர் விளையாடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தாள். விளையாட்டு இல்லை என்று தெரிந்ததும் உட்கார்ந்துகொண்டாள்.

சாரதாமணி அதே பள்ளியில் இன்னும் பதினொரு வருஷம் வேலை பார்த்தாள். தலைமையாசிரியர் பதவி இரண்டு முறை அவளைத் தாண்டிப் போனது. அவள் நடத்திய கணக்கைப் பற்றி அரசாங்கக் காகிதத்தில் இருந்தது அந்த ஒரு வார்த்தை மட்டும்தான். அதை எழுதிய பதிவேட்டையும் ஒரு மழைக்காலத்தில் கரையான் தின்றுவிட்டது என்று மணியன் வந்து சொன்னபோது, "தின்னுட்டுப் போகட்டும்ங்க" என்று சொல்லிவிட்டு அவள் மூன்றாம் வரிசைப் பையனின் கழித்தலைத் திருத்தப் போனாள். அவன் பக்கத்து எண்ணிடம் கடன் வாங்கிவிட்டு, அங்கே ஒன்றைக் குறைக்க மறந்திருந்தான்.